மேக் செக்: ஒரு வழக்கத்தின் பூர்வோத்தரம்

லினக்ஸ் யந்திரத்தில் மூல நிரலிலிருந்து மென்பொருளைத் தாமே கட்டிக்கொள்ளும் பழக்கமுள்ளவர்கள், எட்டாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கும் பள்ளிப் பிள்ளையைப்போல, ‘கான்ஃபிகர்’, ‘மேக்’, ‘மேக் செக்’, ‘மேக் இன்ஸ்டால்’ என்ற நான்கு கட்டளைகளையும் யோசியாமலே வரிசை பிறழாமல் தட்டிவிடுவார்கள். முதலாவது, அந்த யந்திரத்தில் என்னென்ன இருக்கின்றன, என்னென்ன இல்லை என்று துழாவிப் பார்க்கிறது. இரண்டாவது, நிரலைக் கம்பைல் செய்கிறது. நான்காவது, விளைந்த பண்டத்தை உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்; விட்டதனால் குடி முழுகிப்போவதுமில்லை. விடாதவர்களுக்கோ, திரையில் நூற்றுக்கணக்கான ‘பாஸ்’ வரிகள் மளமளவென்று ஓடி மறையும்போது நடுவே ஒரே ஒரு ‘ஃபெயில்’ வரி தலைகாட்டிவிட்டால், அதன் பிறகு அன்றைய மாலைப்பொழுது அவர்களுடையதன்று.

ஒரு நிரல், தன்னைச் சோதிக்கும் பரீட்சைத் தாளைத் தானே மூட்டை கட்டிக்கொண்டு, முன்பின் அறியாத ஒருவர் வீட்டுக்கு வந்து, ‘என்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள்’ என்று வாசலில் நிற்பது எப்படி வழக்கமாயிற்று, அந்தப் பரீட்சையில் அது தவறியபோதெல்லாம் மனிதர்கள் என்ன நினைத்தார்கள், என்ன செய்தார்கள் என்பதே இக்கட்டுரையின் விஷயம். என் அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: தவறிய பரீட்சை நிரலின் குற்றத்தைக் காட்டும் சந்தர்ப்பங்களைக் காட்டிலும், எழுதியவர் வீட்டுக்கும் கட்டுகிறவர் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் சந்தர்ப்பங்களே அதிகம்.

இச்சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர் எல்லாரும் 1947ஆம் ஆண்டு ஹார்வர்ட் மார்க் இரண்டு என்ற யந்திரத்தின் ரிலேயில் அகப்பட்டு மாண்ட அந்துப்பூச்சியிலிருந்து தொடங்குவது சம்பிரதாயம். அந்தப் பூச்சி நாட்குறிப்பேட்டில் ஒட்டப்பட்டு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் யந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கு எடிசன் 1878இல் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறதாகையால், அதற்குமேல் அப்பூச்சிக்கு மரியாதை செய்யவேண்டியதில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது கேம்பிரிட்ஜில் ஒரு மாடிப்படி. 1949 மே 6ஆம் தேதி எட்சாக் என்ற கணினி முதன்முதலாக ஓடியது. அதை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், அடுத்த சில வாரங்களில், ஏரி (Airy) என்பவர் பெயரால் வழங்கும் வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் நிரல் ஒன்றை எழுதினார். மொத்தம் 126 வரிகள். அதில் ஏறத்தாழ இருபது பிழைகள். கணினி இருந்த அறைக்கும் காகித நாடாவில் துளையிடும் யந்திரம் இருந்த அறைக்கும் இடையே படியேறி இறங்கிக்கொண்டிருந்தபோது, தம் எஞ்சிய ஆயுளின் பெரும் பகுதி தாமே செய்த பிழைகளைத் தேடுவதில் கழியப்போகிறது என்ற ஞானம் அவருக்கு உண்டாயிற்றாம். 1985இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார். அவருடைய சகாவான ஸ்டான்லி கில், எட்சாக்கில் நேரும் பிழைகளை எவ்விதம் நிதானிப்பது என்று 1951இல் ராயல் சொசைட்டியின் ஏட்டில் ஒரு கட்டுரையே வெளியிட்டார். ஆனால் எழுதியவரும் அவரே, ஓட்டியவரும் அவரே, பிழை கண்டு நொந்தவரும் அவரே என்றிருந்த காலம் அது. நிரலுக்கும் பரீட்சைக்கும் ஒரே வீடு.

அதற்குப் பின் கால் நூற்றாண்டு கழித்து, நியூஜெர்சியில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு சிறு சம்பவம்தான் நம் வழக்கத்துக்குப் பெயரின் முற்பாதியைக் கொடுத்தது. ‘யாக்’ என்ற கருவியை இயற்றியவரான ஸ்டீவ் ஜான்சன், 1976இல் ஒருநாள், ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவருடைய அறைக்குள் விதியைச் சபித்துக்கொண்டே நுழைந்தார். ஒரு காலைப்பொழுது முழுவதும் அவர் பிழை தேடிய நிரலில் பிழையே இல்லை. பிழையை முன்னமே திருத்தியாயிற்று, ஆனால் திருத்திய கோப்பை மீண்டும் கம்பைல் செய்ய மறந்துவிட்டதனால், பழைய துண்டே மறுபடி மறுபடி இணைந்து பழைய தவறையே செய்துகொண்டிருந்தது. முந்தின நாள் மாலை ஃபெல்ட்மனும் அதே அவஸ்தையில் இருந்தவராதலால், எந்தக் கோப்பு எதைவிடப் புதியது என்று பார்த்து, வேண்டியதை மட்டும் மீண்டும் கட்டும் ஒரு கருவியை ஒரு வார இறுதியில் எழுதி முடித்தார். அதுவே ‘மேக்’. அதன் கட்டளை வரிகள் ஒவ்வொன்றும் டேப் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் தொடங்கவேண்டும் என்ற விபரீத விதி ஒன்று உண்டு. அது தவறு என்று ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் நண்பர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டபடியால், அவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேரின் சௌகரியத்துக்காக, டேப் இருக்கவேண்டிய இடத்தில் எட்டு வெற்றிடங்களைப் போட்டுவிட்டு விழிக்கும் புண்ணியவான்கள் இன்றைக்கும் உலகெங்கும் இருக்கிறார்கள்.

ஜான்சனுடைய காலைப்பொழுதை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பரீட்சை தவறியதும் முதலாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி, நான் சோதிப்பது நான் கட்டியதைத்தானா என்பதே. இன்றைக்கும், புதிதாகக் கட்டிய லைப்ரரி கட்டுமிடத்து அடைவில் சும்மா கிடக்க, பரீட்சை நிரலானது யந்திரத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் பழைய பதிப்போடு போய் ஒட்டிக்கொண்டு, ‘இந்தச் சார்பு இல்லை’ என்று முறையிடுவதை அடிக்கடி காணலாம். ‘எல்டிடி’ என்ற சிறு கட்டளை, எந்த லைப்ரரி எந்த இடத்திலிருந்து வருகிறது என்று ஒரு கணத்தில் சொல்லிவிடும். அதைக் கேளாமல் மூன்று மணி நேரம் நிரலைப் படித்தவர்களில் அடியேனும் ஒருவன்.

பரீட்சைத் தாள் நிரலோடு சேர்ந்து பயணம் போகத் தொடங்கியது 1980களில். அக்காலத்தில் யூனிக்ஸ் என்பது ஒன்றன்று. விற்பனையாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு யூனிக்ஸ் வைத்திருந்தார்கள். ஒன்றில் இருக்கும் சார்பு மற்றொன்றில் இராது, இருந்தாலும் வேறு விதமாக நடக்கும். வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்களே, அதுபோல. ‘ஆர்என்’ என்ற செய்தி வாசிப்பானையும் ‘பேட்ச்’ என்ற கருவியையும் இயற்றிய லாரி வால் என்ற மொழியியல் படித்த அமெரிக்கர், தம் நிரலை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, ‘எங்கள் யந்திரத்தில் ஓடவில்லை’ என்ற கடிதங்களைப் படித்துப் படித்து அலுத்தவராகவே இருந்திருக்கவேண்டும்; ஏனெனில் கட்டுகிறவரின் யந்திரத்தைக் கேள்விமேல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளும் ‘கான்ஃபிகர்’ ஓலையைத் தம் நிரல்களோடு சேர்த்து அனுப்பும் வழக்கத்தைப் பரப்பியவர்களுள் அவர் முக்கியமானவர். 1987 டிசம்பர் 18ஆம் தேதி அவர் பெர்ல் மொழியின் முதற் பதிப்பை வெளியிட்டபோது, அதனுள் ‘டி’ என்ற ஒற்றை எழுத்துப் பெயருடைய ஓர் அடைவு இருந்தது. அதிலிருந்த சின்னஞ்சிறு நிரல்கள் ஒவ்வொன்றும், நான் இத்தனை கேள்விகள் கேட்கப்போகிறேன் என்று முதல் வரியில் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொன்றுக்கும் ‘ஓகே’ என்றோ ‘நாட் ஓகே’ என்றோ ஒரு வரி அச்சிடும். எண்ணிக்கையை முதலிலேயே சொல்லிவிடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: பாதியில் நிரல் செத்து விழுந்தால், சொன்ன கணக்குக்கும் வந்த கணக்குக்கும் உள்ள பேதமே சாட்சி சொல்லிவிடும். இந்த எளிய ஏற்பாடு பிற்காலத்தில் ‘டேப்’ என்ற பெயரில் ஒரு நெறிமுறையாகி வேறு பல மொழிகளுக்கும் பரவிற்று. மேலே சபித்த டேப் வேறு, இது வேறு.

மற்றொரு பக்கம், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பர் 27ஆம் தேதி அறிவித்த குனு திட்டத்தில், நிரல்களை எழுதும் முறைக்கென்று ஒரு விதி நூல் உண்டாயிற்று. கட்டியதைச் சோதிக்கும் கட்டளைக்கு ‘செக்’ என்பதே பெயராயிருக்கவேண்டும் என்பதும், அது நிறுவுவதற்கு முன்பே ஓடக்கூடியதாயிருக்கவேண்டும் என்பதும் அவ்விதிகளில் அடக்கம். 1991இல் டேவிட் மக்கென்சி ஆட்டோகான்ஃபை எழுதத் தொடங்கினார். சில ஆண்டுகளில் ஆட்டோமேக் வந்து சேர்ந்தது. அந்த ஆட்டோமேக் பரீட்சையின் முடிவுகளுக்கு வகுத்த சைகைகளில் ஒரு நாகரிகம் இருப்பதாக எனக்குத் தோன்றும். பரீட்சை நிரல் பூஜ்யத்தோடு முடிந்தால் தேறியது. வேறு எண்ணோடு முடிந்தால் தவறியது. ஆனால் 77 என்ற எண்ணோடு முடிந்தால், ‘இந்த வீட்டில் இக்கேள்வியைக் கேட்பது நியாயமன்று’ என்று பொருள். 99 என்றால், ‘கேள்வி கேட்கும் ஏற்பாடே குலைந்துவிட்டது’ என்று பொருள். இவை தவிர, தவறும் என்று எதிர்பார்த்துத் தவறியதற்கு ஒரு சொல்லும், தவறும் என்று எதிர்பார்த்திருக்கத் தேறிவிட்டதற்கு ஒரு சொல்லும் உண்டு. கடைசியாகச் சொன்னதையும் குற்றமாகவே கணக்கில் எழுதுகிறது ஆட்டோமேக். எதிர்பாராத வெற்றியைச் சந்தேகிக்கும் இந்தக் கண்டிப்பு மனிதர்களிடம்கூட அபூர்வம்.

மனிதரோடு உரையாடும் நிரல்களைச் சோதிப்பது இன்னும் கடினமாயிருந்தது. பிழை தேடும் கருவியான ஜிடிபி, கேட்டால் பதில் சொல்லும் தன்மையது. அதை யார் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது? டான் லைப்ஸ் 1990இல் இயற்றிய ‘எக்ஸ்பெக்ட்’ என்ற கருவி, மனிதன் தட்டுவதுபோலத் தட்டி, வரும் பதிலை எதிர்பார்த்த பதிலோடு ஒப்பிடும் வித்தையைச் செய்தது. சிக்னஸ் என்ற கம்பெனியில் ராப் சவாய் அதன்மேல் ‘டேஜாகுனு’ என்ற பரீட்சைச் சட்டத்தைக் கட்டினார். குனுவின் கம்பைலரான ஜிசிசி இன்றளவும் அச்சட்டத்தின்மீதே பரீட்சை எழுதுகிறது. ‘யூனிட் டெஸ்ட்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் இக்காலத்து இளைஞர்கள் நினைப்பதெல்லாம், கென்ட் பெக் 1994இல் ஸ்மால்டாக் மொழிக்கு எழுதிக் காட்டிய சட்டத்தையும், 1997இல் அவரும் எரிக் காமாவும் ஜூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்திலேயே ஜாவாவுக்காகத் தொடங்கிய ஜேயூனிட்டையுந்தான். அவை பெரிய காரியங்களே. ஆனால் தன் வீட்டில் தன்னைச் சோதித்துக்கொள்வோருக்கு உரியவை. நான் சொல்லிவருவது அயலார் வீட்டில் எழுதும் பரீட்சையை.

லினக்ஸ் தோன்றியபின் அந்த அயல் வீடுகள் எண்ணிறந்து பெருகின. 1993இல் தொடங்கிய டெபியன் போன்ற வழங்கல்கள், ஆயிரக்கணக்கான மென்பொருள்களைப் பலவகைச் சில்லுகளுக்காகக் கட்டித் தரும் பொறுப்பை ஏற்றன. கட்டும் வேலையை மனிதரின்றித் தானே செய்யும் யந்திரங்கள் வந்தன. பரீட்சை தவறினால் கட்டுமானமே நின்றுவிடும் என்ற ஏற்பாடும் வந்தது. அப்போதுதான், இன்டெல் யந்திரத்தில் பிறந்து வளர்ந்த நிரல்களின் குடும்ப ரகசியங்கள் வெளியாயின. சி மொழியில் ‘சார்’ என்ற ஓரெழுத்து வகை, இன்டெலில் எதிரெண்ணையும் ஏற்கும். ஆர்ம் யந்திரத்து லினக்ஸில் ஏற்காது. ஆதலால் கோப்பு முடிந்ததைக் குறிக்கும் மைனஸ் ஒன்றை அவ்வகையில் வாங்கி வைத்த நிரல், ஓரிடத்தில் ஒழுங்காக முடிந்து மற்றோரிடத்தில் முடிவின்றிச் சுழன்றது. ஐபிஎம்மின் பெருங்கணினிகளில் எண்ணின் பெரிய பைட் முன்னால் வருவதால், பைட் வரிசையைக் கவனியாமல் எழுதிய கோப்பு வடிவங்கள் தலைகீழாயின. பழைய முப்பத்திரண்டு பிட் இன்டெலிலோ, தசம எண்களைக் கணக்கிடும் அலகு 80 பிட் அகலத்தில் கணித்து, நினைவகத்தில் வைக்கும்போது 64 பிட்டாகச் சுருக்குமாதலால், ஒரே எண் தன்னோடு தான் சமமில்லை என்ற விசித்திரம் நேர்ந்தது. இதைப் பற்றிய முறையீடு ஜிசிசியின் பிழைப் பதிவேட்டில் 323ஆம் எண்ணில் 2000ஆம் ஆண்டு முதல் இருக்கிறது; தாமே புதிதாகக் கண்டுபிடித்ததாக எண்ணி அங்கே வந்து சேர்ந்தவர்கள் அநேகர்.

சில்லு மாறாவிட்டாலும் வீடு மாறலாம். ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் தொடங்கிய ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்’ என்ற கையேட்டைப் பின்பற்றி லினக்ஸ் முழுவதையும் ஒரு செங்கல் விடாமல் தாமே கட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சி மொழியின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் பரீட்சையை எக்காரணத்தாலும் விடக்கூடாதென்று அந்நூல் கண்டிப்பாகச் சொல்லும். அடுத்த பத்தியிலேயே, இன்ன இன்ன பரீட்சைகள் தவறுவது தெரிந்த விஷயம், கவலைப்படவேண்டாம் என்று தட்டிக்கொடுக்கும். ஜிசிசியின் பரீட்சைக்கு முன், சில கேள்விகள் வழக்கமான ஸ்டாக் அளவைத் தின்று தீர்த்துவிடுமென்று அதைப் பெரிதாக்கச் சொல்லும். அதன்பின், ‘டெஸ்டர்’ என்ற சாமானியப் பயனர் ஒருவரைப் படைத்து, அவர் பேரில் பரீட்சையை ஓட்டச் சொல்லும். ஏனென்றால், ஒருவருக்கும் அனுமதியில்லாத கோப்பு ஒன்றை உண்டாக்கி, அதைத் திறக்க முயன்றால் ‘அனுமதி இல்லை’ என்ற பதில் வருகிறதா என்று பார்க்கும் பரீட்சைகள் உண்டு, ரூட் என்ற எஜமானருக்கோ பூட்டு என்பதே இல்லை, அவர் தொட்டதும் கோப்பு திறந்துகொள்ளும், பரீட்சை தவறும். இதில் நிரலின் குற்றம் என்ன?

இவ்விஷயத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், தேதிகளைக் கணக்கிடும் ஒரு சிறு லைப்ரரியைச் சென்னையில் என் வீட்டு யந்திரத்தில் கட்டினேன். இருநூற்றுச் சொச்சம் பரீட்சைகளில் ஒன்று தவறிற்று. லாக் கோப்பைத் திறந்தால், எதிர்பார்த்த எண் மைனஸ் 2209008070, வந்த எண் மைனஸ் 2209008060 என்று இரண்டே வரிகள். யூனிக்ஸ் காலம் 1970இன் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுவதால் அதற்கு முந்திய தேதிகள் எதிரெண்ணாக வருவது இயல்பு. ஆனால் இரண்டுக்கும் பத்து விநாடி வித்தியாசம். ஒரு மணி வித்தியாசமென்றால் கோடைகால நேரம் என்று சொல்லிவிடலாம். ஐந்தரை மணியென்றால் நம் தேசத்து நேரத்தை மறந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். பத்து விநாடிக்கு என்ன காரணம் சொல்வது?

மறுபடி ஓட்டினேன், அதே பத்து விநாடி. ஒரே சமயத்தில் பல பரீட்சைகள் ஓடி ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றனவோ என்று ஒவ்வொன்றாக ஓட்டினேன், அதே. மொழி அமைப்பைச் சாதாரண சி ஆக்கினேன், அதே. கடைசியில், ‘டிஇசட்’ என்ற மாறியில் யூடிசி என்று எழுதி ஓட்டியவுடன் பரீட்சை தேறிவிட்டது. அப்படியானால் விஷயம் ஆசியா/கொல்கத்தா என்ற நேர மண்டலத்தில் இருக்கிறது. பரீட்சையின் மூலத்தைப் பிரித்துப் பார்த்தேன்: 1900 ஜனவரி 1ஆம் தேதி நள்ளிரவை எடுத்துக்கொண்டு, யூடிசியிலிருந்து எத்தனை மணி நிமிஷம் தள்ளியிருக்கிறது என்பதோடு சேர்த்து எழுத்தாக்கி, அவ்வெழுத்தை மீண்டும் படித்து, பழைய விநாடி வருகிறதா என்று ஒப்பிடுகிறது. ‘டேட்’ கட்டளையிடம் அந்தத் தேதிக்கு நம் ஊர் நேரம் எவ்வளவு தள்ளியிருந்தது என்று விநாடி வரை கேட்டேன். ஐந்து மணி, இருபத்தொரு நிமிஷம், பத்து விநாடி என்றது.

அதுதான் மதராஸ் நேரம்! 1906 ஜனவரி 1ஆம் தேதி ஐந்தரை மணிக் கணக்கு வருவதற்கு முன், நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டி முடித்த வானாராய்ச்சிக் கூடத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு கணித்த நேரத்தையே இந்திய ரயில்கள் அனுசரித்தன. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொகுக்கத் தொடங்கிய நேர மண்டலத் தரவுத்தளம், கொல்கத்தா என்ற தலைப்பின்கீழ், 1870 முதல் 1906 வரை அந்த நேரத்தை எம்எம்டி என்ற மூன்றெழுத்தில் பத்திரமாக வைத்திருக்கிறது. உலகத்து லினக்ஸ் யந்திரங்களில் எல்லாம் அந்த வரி இருக்கிறது. லைப்ரரியை எழுதியவர் மத்திய ஐரோப்பாவில் வசிப்பவர். அவர் ஊரில் 1900ஆம் ஆண்டிலேயே முழு மணிக் கணக்கு வந்தாகிவிட்டது. தள்ளியிருக்கும் காலத்தை எழுதும் அந்த முறையில் மணிக்கும் நிமிஷத்துக்கும் மட்டுமே இடமுண்டாகையால், மதராஸின் பத்து விநாடி எழுதும்போது உதிர்ந்துவிட்டது. படிக்கும்போது திரும்பி வரவில்லை. நிரல் தவறு செய்யவில்லை; என் யந்திரமும் தவறு செய்யவில்லை; கேட்கக்கூடாத கேள்வியைப் பரீட்சை கேட்டுவிட்டது. விவரத்தை எழுதி அனுப்பினேன். அவர் அந்தப் பரீட்சையை யூடிசியில் மட்டும் ஓடும்படி கட்டிவிட்டு, காரணத்தை இரண்டு வரிக் குறிப்பாகப் பக்கத்தில் எழுதி வைத்தார். பல மொழிகளில் எழுத்துப் பொறித்த அந்தக் கூடத்தின் கருங்கல் தூண், இன்றைய வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில் நிற்கிறது.

என்னுடையது ஒரு மாலையில் முடிந்த வழக்கு. நேற்றுவரை தேறிவந்த பரீட்சை இன்று தவறினால் விசாரணை வேறு விதம். கிட் என்ற கருவி 2005இல் பிறந்த அதே ஆண்டில் ‘பைசெக்ட்’ என்ற கட்டளையும் அதில் சேர்ந்தது: நல்ல நாள் ஒன்றையும் கெட்ட நாள் ஒன்றையும் சொல்லிவிட்டால், நடுவிலுள்ள மாற்றத்தை எடுத்துக் கட்டிச் சோதித்து, பாதியைக் கழித்து, மிச்சத்தை மறுபடி பாதியாக்கி, ஆயிரம் மாற்றங்களிலிருந்து குற்றவாளியைப் பத்தே பரீட்சைகளில் பிடித்துக் கொடுக்கும். அதற்கு ஆறாண்டு முன்பே ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ட்ஸெல்லர் இதனினும் நுண்ணிய முறை ஒன்றை விவரித்திருந்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஜிடிபியின் 4.16, 4.17 ஆகிய பதிப்புகள். இரண்டுக்கும் இடையே 178,000 வரிகள் மாறியிருந்தன. புதிய பதிப்போடு டிடிடி என்ற அவருடைய வரைகலை முகப்பைச் சேர்த்து ஓட்டினால், பிழை தேடப்படும் நிரலுக்குக் கொடுக்கவேண்டிய உள்ளீடுகள் போய்ச் சேரவில்லை. மாற்றங்களைக் கூட்டம் கூட்டமாக ஏற்றியும் இறக்கியும் கட்டிக் கட்டிச் சோதித்த நிரல் இறுதியில் சுட்டிக்காட்டியது ஒரே ஒரு வரியை. பயனருக்குக் காட்டும் ஒரு வாசகத்தில், ‘ஆர்க்யுமென்ட்ஸ்’ என்றிருந்ததை யாரோ ‘ஆர்க்யுமென்ட் லிஸ்ட்’ என்று திருத்தியிருந்தார்கள். அச்சொல்லை நம்பி ஜிடிபியின் பதிலைப் பிரித்துப் படித்துவந்த டிடிடிக்கு அதனால் ஒன்றும் விளங்காமற் போயிற்று. நல்ல ஆங்கிலம் எழுதவேண்டுமென்ற ஆசையைத் தவிர அதில் வேறு குற்றமில்லை.

தேடாமலே வாயடைத்துவிடும் வழியும் எப்போதும் உண்டு. டெபியனில் ‘நோசெக்’ என்று ஒரு சொல் எழுதினால் பரீட்சையே நடவாது. அவசரத்துக்கு அதை எழுதாதவர் யார்? ஆனால் முறையிடும் வரியையே பிடுங்கிவிடுவது அபாயமான வைத்தியம். 2006இல், வால்கிரிண்ட் என்ற சோதனைக் கருவி, ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் தொடக்க மதிப்பிடாத நினைவகம் பயன்படுவதாக முறையிட்டது, டெபியனில் அந்த மென்பொருளைப் பராமரித்தவர் உரிய வரியை நீக்கினார், முறையீடு நின்றது. ரகசியத் திறவுகோல்களுக்கு வேண்டிய தற்செயல் தன்மை அவ்வழியாகவே உள்ளே வந்துகொண்டிருந்தது என்பதும், நீக்கியபின் எஞ்சியது ப்ராசஸ் எண் ஒன்றே என்பதும், ஆகவே ஒரு வகை யந்திரத்தில் ஓர் அளவுக்கு மொத்தம் 32,767 திறவுகோல்களே பிறக்கமுடியும் என்பதும் 2008 மே 13ஆம் தேதிதான் உலகத்துக்குத் தெரியவந்தன. இடையிலிருந்த இருபது மாதமும் பரீட்சைகள் தேறிக்கொண்டேயிருந்தன.

இவ்வழக்கத்தின் சரித்திரத்தில் மிகக் கறைபட்ட அத்தியாயம் அண்மைக் காலத்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் பரீட்சை அடைவில், வேண்டுமென்றே சிதைத்த கோப்புகள் பல உண்டு; சிதைந்த கோப்பைக் கண்டால் நிரல் முறையாக மறுக்கிறதா என்று பார்ப்பதற்காக அவற்றை வைத்திருப்பது நெடுநாளைய ஏற்பாடு. சிதைந்த கோப்பை யாரும் திறந்து படிக்கமாட்டார்கள். படித்தாலும் ஒன்றும் புரியாது. இரண்டாண்டுகளுக்கு மேலாக உதவியாளராக இருந்து நம்பிக்கை பெற்ற ஒரு புனைபெயர்க்காரர், 2024 தொடக்கத்தில் வெளிவந்த 5.6.0 பதிப்பில், அந்த அடைவின் இரண்டு பரீட்சைக் கோப்புகளுக்குள் கள்ள நிரலை ஒளித்துவைத்தார். ‘கான்ஃபிகர்’ ஓடும்போது, வெளியீட்டு மூட்டையில் மட்டுமே இருந்த ஒரு வரி விழித்தெழுந்து, டெப் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டப்படுகிறதா என்று பார்த்து, அந்தக் கோப்புகளிலிருந்து சரக்கை எடுத்து லைப்ரரிக்குள் சேர்த்துவிடும். அங்கிருந்து அது தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்ஹெச் வாசலைத் திறந்து வைக்கும்.

இதைப் பிடித்தவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட். டெபியனின் ‘அன்ஸ்டேபிள்’ பதிப்பில் வேறு ஏதோ வேகத்தை அளந்துகொண்டிருந்தவருக்கு, உள்நுழைய அரை விநாடி அதிகமாவது உறுத்திற்று. சில வாரங்களுக்கு முன் தம் பரீட்சை ஓட்டங்களில் வால்கிரிண்ட் காரணமில்லாமல் முணுமுணுத்ததும் நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் அலட்சியமாக ஒதுக்கியிருக்கக்கூடிய அந்த இரண்டு அற்ப விஷயங்களையும் முடிச்சுப்போட்டு, நூலைப் பிடித்துக்கொண்டே போய், மார்ச் 29ஆம் தேதி விவரத்தை வெளியிட்டார். அவர் கவனித்துச் சொன்னவற்றுள் ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை: 5.6.0 பதிப்பில் புதிதாகச் சேர்ந்த அந்தக் கோப்புகளை எந்தப் பரீட்சையும் பயன்படுத்தவேயில்லை. பரீட்சை அடைவில் உட்கார்ந்திருந்தன. ஆனால் எந்தக் கேள்விக்கும் அவை விடையல்ல.

மே 29ஆம் தேதி, கள்ளச் சரக்கு நீங்கிய 5.6.2 பதிப்பு வெளிவந்தது. அதை இறக்கி, வழக்கம்போல் நான்கு கட்டளைகளில் முதல் மூன்றைத் தட்டினேன். பரீட்சைகள் யாவும் தேறின. நான்காவதைத் தட்டுவதற்கு முன், இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் செய்யாத காரியமாக, பரீட்சைக் கோப்புகள் இருந்த அடைவுக்குள் போய், ஒவ்வொரு கோப்பும் எதற்காக இருக்கிறதென்று விளக்கும் குறிப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, ‘குட்’ என்று தொடங்கும் பெயர்களையும் ‘பேட்’ என்று தொடங்கும் பெயர்களையும் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினேன்.